நள்ளிரவில் வந்த தொலைபேசி அழைப்பு: பட்டி ஸ்மித்தும் ஒரு பாதிப் பாடலும்

1978ஆம் ஆண்டு. நியூயார்க் நகரின் கிரீன்விச் வில்லேஜ் பகுதியில், எட்டாவது தெரு வழியாக இருவர் நடந்து செல்கின்றனர். ஒருவர் புகைப்படக் கலைஞர் ராபர்ட் மேப்பிள்தோர்ப். மற்றவர் கவிஞரும் பாடகியுமான பட்டி ஸ்மித். பதினோரு ஆண்டுகளுக்கு முன், கையில் காசின்றி, கிடைத்த உணவைப் பகிர்ந்துண்டு, ஒருவர் கலைக்கு மற்றவர் காவல் என்று வாழத் தொடங்கியவர்கள் அவர்கள். அன்று அத்தெருவின் கடைகளிலிருந்து ஒரே பாடல் ஒலிக்கிறது. ஒரு கடையைத் தாண்டினால் அடுத்த கடையிலும் அதே பாடல். பாடும் குரல் பட்டியினுடையது. மேப்பிள்தோர்ப் அவரைப் பார்த்து, எனக்கு முன்பே நீ புகழ் பெற்றுவிட்டாயே என்ற பொருள்படச் சொல்கிறார். 2010இல் வெளியான 'ஜஸ்ட் கிட்ஸ்' என்னும் தம் நினைவு நூலில் பட்டி ஸ்மித் இக்காட்சியைப் பதிவு செய்திருக்கிறார்.

அப்பாடலின் பெயர் 'பிகாஸ் த நைட்'. 'ஏனெனில் இந்த இரவு' என்று நாம் அதைத் தமிழில் சொல்லிக்கொள்ளலாம். அது வெளிவரும்வரை பட்டி ஸ்மித் என்னும் பெயரைக் கவிதை வாசகர்களும், நியூயார்க்கின் இரவு விடுதிகளுக்குச் செல்லும் இளைஞர்களும், இசை விமர்சகர்களுமே அறிந்திருந்தனர். வெளிவந்த சில மாதங்களில், கவிதை நூலெதையும் தொட்டறியாதவர்களின் கார் வானொலிகளிலும் அக்குரல் ஒலித்தது. ஒரு கவிஞர் ஒரு ராக் பாடலால் பெருந்திரளை அடைந்த கதை இது. சிற்றிதழ்களின் வழியே இலக்கியத்துக்குள் வந்த நம்மில் பலருக்கும் இக்கதைக்குள் இருக்கும் கேள்வி புதிதன்று. சிறு வட்டத்தில் மதிக்கப்பட்ட ஒருவர் பெருங்கூட்டத்தைச் சென்றடையும்போது, வழியில் அவர் எதையேனும் விற்றுவிட்டாரா? இப்பாடல் பிறந்த விதத்தைச் சற்று அருகிருந்து பார்த்தால், அக்கேள்வியையே வேறுவிதமாகக் கேட்க வேண்டியிருக்கும் என்று நமக்குத் தோன்றுகிறது.

பட்டி ஸ்மித் 1946 டிசம்பர் 30 அன்று சிகாகோவில் பிறந்தவர். வளர்ந்தது பிலடெல்பியாவிலும், பின்னர் நியூஜெர்சி மாநிலத்தின் தென்பகுதியிலும். தந்தை தொழிற்சாலைப் பணியாளர். தாய் உணவகத்தில் பரிமாறும் பணி செய்தவர். வீட்டில் செல்வம் இல்லை, புத்தகங்கள் இருந்தன. பதினாறாம் வயதில், பிலடெல்பியாப் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த கடையொன்றில் பிரெஞ்சுக் கவிஞர் ஆர்தர் ரேம்போவின் 'இல்லூமினேஷன்ஸ்' நூலைக் கண்டார். அட்டையில் இருந்த இளங்கவிஞனின் முகத்தில் மனம் பறிகொடுத்து, வாங்கக் காசில்லாமல் அதைத் திருடிக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். கோடை விடுமுறையில் தொழிற்சாலை வேலை, மனத்தில் ரேம்போ. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தூரமே அவருடைய தொடக்ககால எழுத்தின் கருப்பொருள் எனலாம். 

1967இல் அவர் நியூயார்க் வந்தார். அங்கே மேப்பிள்தோர்ப்பைச் சந்தித்தார். ஐந்தாம் அவென்யூவில் இருந்த ஸ்கிரிப்னர் புத்தகக் கடையில் வேலை பார்த்தார். 1969இல் இருவரும், எழுத்தாளர்களும் இசைக் கலைஞர்களும் தங்கிச் சென்ற செல்சி விடுதியின் சிறிய அறையொன்றில் குடியேறினர். அக்காலத்தில் பாடகியாக வேண்டும் என்பது அவருடைய திட்டத்தில் இல்லை. வரைந்தார், கவிதை எழுதினார்.

1971 பிப்ரவரி 10 அன்று புனித மார்க் தேவாலயத்தில் அவருடைய முதல் கவிதை வாசிப்பு நிகழ்ந்தது. 1966 முதல் அத்தேவாலயத்தில் இயங்கிவந்த 'பொயட்ரி ப்ராஜெக்ட்' அமைப்பின் நிகழ்ச்சி அது. வெறுமனே தாளைப் பார்த்து வாசிப்பதில் அவருக்கு மனமில்லை. பழைய இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்தவரும் இசை விமர்சகருமான லென்னி கேயை உடன் அழைத்து, கவிதைக்குப் பின்னால் மின்கிதார் வாசிக்கச் செய்தார். தேவாலயத்துக்குள் மின்கிதார் ஒலித்தது அங்கிருந்த சிலரை முகம் சுளிக்கச் செய்தது. அன்று பெர்டோல்ட் பிரெக்டின் பிறந்த நாளாதலால், பிரெக்டின் நாடகப் பாடல் ஒன்றோடு அவர் நிகழ்ச்சியைத் தொடங்கினார். நாடகாசிரியர், கவிஞர், தெருப்பாடகர் ஆகியோருக்கு இடையே வேலி வேண்டாம் என்று அவர் முதல் நாளிலேயே அறிவித்ததாக இதனை நாம் கொள்ளலாம்.

அடுத்த சில ஆண்டுகளில் 'செவன்த் ஹெவன்' (1972), 'விட்' (1973) ஆகிய கவிதை நூல்கள் வெளிவந்தன. கிதாரோடு பியானோ சேர்ந்தது. பிறகு முழு இசைக்குழுவே உருவாயிற்று. 1974இல் நண்பர்களின் பொருளுதவியோடு முதல் இசைத்தட்டு வந்தது. அதன் ஒரு பக்கத்தில், பலரும் முன்பே பாடிப் புகழ்பெற்ற 'ஹே ஜோ'. மறுபக்கத்தில், பதின்ம வயதில் தொழிற்சாலையில் பட்ட பாட்டைப் பற்றிய அவருடைய நெடுங்கவிதை. 1975இன் வசந்த காலத்தில் பவரி தெருவின் சிபிஜிபி விடுதியில் அவருடைய குழு வாரக்கணக்கில் பாடியது. பின்னாளில் பங்க் இசையின் பிறப்பிடம் என்று பெயர்பெற்ற இடம் அது. அரிஸ்டா நிறுவனத்தின் தலைவர் கிளைவ் டேவிஸ் அவரை ஒப்பந்தம் செய்தார். அவ்வாண்டின் இறுதியில் 'ஹார்சஸ்' என்னும் முதல் ஆல்பம் வெளிவந்தது. தயாரித்தவர் ஜான் கேல். அட்டைப்படம் மேப்பிள்தோர்ப் எடுத்தது: வெள்ளைச் சட்டையும், தோள்மேல் போட்ட கறுப்பு மேலங்கியுமாக, யாருடைய அனுமதியையும் வேண்டாத பார்வையோடு நிற்கும் மெலிந்த பெண்.

'ஹார்சஸ்' இன்று ராக் இசையின் செவ்வியல் ஆக்கங்களுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலிலும் அது இடம்பெற்றுள்ளது. ஆனால் அன்றைய நிலவரம் வேறு. விற்பனையைக் கொண்டு வாரந்தோறும் வெளியிடப்படும் பில்போர்ட் ஆல்பம் பட்டியலில் அது எட்டிய உச்சம் 47ஆம் இடம். 1976இல் வந்த இரண்டாம் ஆல்பமான 'ரேடியோ எத்தியோப்பியா' 122ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. வானொலிக்கு வேண்டியது மூன்று நான்கு நிமிடப் பாடல். பட்டியின் முதல் ஆல்பத்திலோ இரண்டு பாடல்கள் தனித்தனியே ஒன்பது நிமிடங்களைத் தாண்டின. கவிதை மேடையில் அந்த நீளம் ஒரு பலம். வானொலி நிலையத்தில் அதுவே தடை.

இதற்கு மேல் ஒரு விபத்தும் நேர்ந்தது. 1977 ஜனவரி 23 அன்று, புளோரிடாவின் டாம்பா நகரில், பாப் சீகரின் கச்சேரிக்கு முன்னோடி நிகழ்ச்சியாகப் பட்டியின் குழு பாடிக்கொண்டிருந்தது. பாடியவாறே சுழன்றாடிய பட்டி மேடையின் விளிம்பைத் தாண்டி, ஏறத்தாழ பதினைந்து அடி கீழே சிமெண்ட் தரையில் விழுந்தார். கழுத்தெலும்புகள் முறிந்தன. மாதக்கணக்கில் கச்சேரிகள் இல்லை, வருமானமும் இல்லை. கழுத்துப்பட்டையோடு ஓய்விலிருந்த நாட்களில் அவர் 'பேபல்' என்னும் நூலுக்கான கவிதைகளில் ஈடுபட்டார். மீண்டெழுந்து அவர் தொடங்கிய மூன்றாம் ஆல்பத்துக்கு 'ஈஸ்டர்' என்று பெயர். உயிர்த்தெழுதலைக் குறிக்கும் அப்பெயரைத் தேர்ந்த காரணத்தை எவரும் விளக்கத் தேவையில்லை.

இனி, கதையின் மறுபாதிக்கு வருவோம்.

அதே நியூஜெர்சி மாநிலத்தின் ஃப்ரீஹோல்ட் என்னும் ஊரிலிருந்து வந்தவர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன். பட்டியைவிட மூன்று வயது இளையவர். அவரைப் போன்றே உழைக்கும் குடும்பத்துப் பிள்ளை. 1975இல் வெளியான 'பார்ன் டு ரன்' ஆல்பம் அவரை நாடறிந்தவராக்கியது. அவ்வாண்டு அக்டோபரில் 'டைம்', 'நியூஸ்வீக்' ஆகிய இரு வார இதழ்களும் ஒரே வாரத்தில் அவர் படத்தை அட்டையில் வெளியிட்டன. அதைத் தொடர்ந்து, மேலாளருடன் ஏற்பட்ட வழக்கினால் நெடுங்காலம் அவர் புதிய ஆல்பத்துக்காக ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் செல்ல முடியாமற்போயிற்று. 1977 மே மாதம் வழக்கு தீர்ந்ததும், தேங்கிக் கிடந்ததெல்லாம் மடை திறந்தாற்போல் வந்தது. டஜன் கணக்கில் பாடல்கள் உருவாயின. அவற்றுள் பெரும்பாலானவற்றை அவரே விலக்கினார். 1978இல் 'டார்க்னஸ் ஆன் தி எட்ஜ் ஆஃப் டவுன்' என்று வெளிவந்த அந்த ஆல்பத்தில், உழைப்பையும் இழப்பையும் பேசும் இறுக்கமான பாடல்களே இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

விலக்கப்பட்டவற்றுள் ஒன்று, பல்லவி மட்டும் உருப்பெற்று, சரணங்கள் முற்றுப்பெறாத ஒரு காதல் பாடல். இன்னொரு காதல் பாடலை அவ்வேளையில் முடிக்கத் தமக்கு மனம் செல்லவில்லை என்ற கருத்துப்பட ஸ்பிரிங்ஸ்டீன் பின்னாளில் கூறியிருக்கிறார். மெட்டு இருந்தது, பல்லவி இருந்தது, வரிகள் இருக்கவேண்டிய இடத்தில் முணுமுணுப்பே இருந்தது.

இரு பாதிகளையும் இணைத்தவர் ஜிம்மி அயோவின். புரூக்ளினைச் சேர்ந்த இருபத்து நான்கு வயது இளைஞர். ஸ்பிரிங்ஸ்டீனின் ஒலிப்பதிவுப் பொறியாளராகப் பணிபுரிந்துகொண்டே, பட்டியின் 'ஈஸ்டர்' ஆல்பத்தைத் தயாரிக்கும் பொறுப்பையும் ஏற்றிருந்தார். 'ரெக்கார்ட் பிளாண்ட்' என்னும் ஒலிப்பதிவுக் கூடத்தில் இரு வேலைகளும் நடந்துவந்தன. பட்டியின் ஆல்பத்தில் வலிமையான பாடல்கள் இருந்தும், வானொலிக்கென ஒன்று இல்லை என்பதை அயோவின் உணர்ந்தார். ஸ்பிரிங்ஸ்டீன் முடிக்கப்போவதில்லை என்று ஒதுக்கிய பாடலைக் கேட்டு வாங்கி, ஒரு கேசட்டில் பதிந்து பட்டியிடம் கொடுத்தார். தமக்கென்று தனியே பெரும்பெயர் இன்னும் இல்லாத ஒரு தொழில்நுட்பக் கலைஞர், ஒரு குரலையும் ஒரு மெட்டையும் ஒரே நேரத்தில் காதில் வைத்திருந்ததன் பயன் இது. இலக்கிய வரலாற்றில் பதிப்பாசிரியர்கள் செய்யும் வேலைக்கு நிகரானது என்று நாம் இதைச் சொல்லத் துணிவோம்.

பட்டியோ அந்தக் கேசட்டை உடனே கேட்கவில்லை. தம் குழுவின் பாடல்களைத் தம் குழுவே எழுத வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. இத்தயக்கம் சிந்திக்கத்தக்கது. ஏனெனில் பிறர் பாடலைத் தொடாதவர் அல்லர் அவர். முதல் இசைத்தட்டிலேயே 'ஹே ஜோ'வை எடுத்தாண்டவர். 'ஹார்சஸ்' ஆல்பத்தின் முதல் பாடலே, வான் மோரிசன் எழுதிய 'குளோரியா'வைத் தம் கவிதையோடு பிணைத்து வேறொன்றாக மாற்றியது. ஆனால் அவை இரண்டும் ஊரறிந்த, முடிந்துபோன பாடல்கள். அவற்றுக்குள் புகுந்து கலகம் செய்வது கவிஞரின் உரிமை. இதுவோ, ஒரு வெற்றியாளர் தம்மால் முடிக்க இயலாது கைமாற்றிய பாதி. முடிந்த ஒன்றை உடைப்பதைவிட, முடியாத ஒன்றை நிறைவு செய்வதற்கு வேறுவிதமான பணிவு தேவைப்படுகிறது. அப்பணிவு வரச் சில நாட்கள் ஆயின.

அதைக் கொண்டுவந்தது ஒரு தொலைபேசி. 1976 மார்ச்சில் டெட்ராய்ட் நகரில் பட்டி, ஃபிரெட் 'சோனிக்' ஸ்மித் என்பவரைச் சந்தித்திருந்தார். 'எம்சி5' என்னும் புகழ்பெற்ற ராக் குழுவின் கிதார் கலைஞர் அவர். பட்டி நியூயார்க்கில், ஃபிரெட் டெட்ராய்டில். வெளியூர்த் தொலைபேசி அழைப்புக்கு அன்று கட்டணம் மிகுதி. எனவே அழைப்பு என்பது நினைத்தபோது வருவதன்று. நாள் குறித்து, நேரம் குறித்துக் காத்திருப்பது. அப்படியான ஓர் இரவில் மாலை வரவேண்டிய அழைப்பு வரவில்லை. மணிக்கணக்கில் காத்திருந்த பட்டி, பொழுது போகாமல் அந்தக் கேசட்டை எடுத்துப் போட்டார். கேட்டார், மீண்டும் கேட்டார். நள்ளிரவை நெருங்கி ஃபிரெட்டின் அழைப்பு வந்தபோது பாடலின் சரணங்கள் எழுதி முடிக்கப்பட்டிருந்தன. பேட்டிகளிலும் மேடைகளிலும் பட்டி பலமுறை சொல்லியுள்ள கதை இது.

அன்றிரவு எழுதியதில் அன்றிரவின் தடயம் அப்படியே இருக்கிறது. ஆங்கிலத்தில் விரலில் அணியும் மோதிரத்துக்கும் தொலைபேசியின் மணியோசைக்கும் ஒரே சொல். அச்சொல்லின் இரு பொருளையும் ஒருங்கே ஏற்றிக் காதலைச் சொல்லும் சிலேடை ஒன்று அப்பாடலின் சரணத்தில் உண்டு. வானொலியில் அதைக் கேட்டவர்களுள் எத்தனை பேர் அதைச் சிலேடை என்று கண்டுகொண்டனரோ தெரியாது. ஆனால் வராத அழைப்புக்காகக் காத்திருந்த எவருக்கும் அது விளங்கியிருக்கும். ரேம்போவைப் படித்த ஒருவரின் சொற்கூர்மையும், டெட்ராய்டிலிருந்து ஒரு குரல் வராதா என்று ஏங்கிய ஒருத்தியின் எளிய தவிப்பும் அவ்விடத்தில் ஒன்றையொன்று தள்ளிவிடாமல் நிற்கின்றன.

ஸ்பிரிங்ஸ்டீன் அமைத்த பல்லவியில் இரவு காதலர்களின் உடைமை என்று முழங்கும் ஒரு பொதுக்குரல் இருக்கிறது. பெருங்கூட்டம் ஒன்றாகச் சேர்ந்து பாடத்தக்கது. பட்டியின் சரணங்களில் தனியறையில் ஒருத்தி மெல்லப் பேசும் குரல். ஐயமும் ஆசையும் மாறி மாறி வருவது. தனித்த பியானோ ஒலியில் தொடங்கும் பாடல், சரணத்தின் தணிந்த குரலிலிருந்து பல்லவியின் உச்சத்துக்குப் பாய்கிறது. அப்பாய்ச்சல் கேட்பவரை உலுக்குவதற்குக் காரணம், இரு வேறு மனிதர்கள் இரு வேறு இடங்களிலிருந்து எழுதியது என்பதே. ஆணொருவர் தொடங்கிய காதல் பாடலைப் பெண்ணொருத்தி முடித்தபோது, ஆசையைச் சொல்லும் உரிமையும் அவளிடம் வந்து சேர்ந்தது. 1978இன் வானொலியில் இது சிறிய மாற்றமன்று.

1978 மார்ச்சில் பாடல் தனி இசைத்தட்டாகவும், அதே மாதத்தில் 'ஈஸ்டர்' ஆல்பமாகவும் வெளிவந்தது. ஆல்பத்தின் அட்டையில் லின் கோல்ட்ஸ்மித் எடுத்த புகைப்படம். கையை உயர்த்தி நிற்கும் பட்டியின் அக்குள் மயிர் மழிக்கப்படாமல் தெரிந்ததைக் கண்டு முகம் சுளித்தோரும் உண்டு. உள்ளே, வானொலி எதுவும் ஒலிபரப்பத் துணியாத பாடல்களும் இருந்தன. அதாவது, ஒரு பாடலுக்காகத் தம் முகத்தையோ ஆல்பத்தையோ அவர் வழவழப்பாக்கிக்கொள்ளவில்லை. மூன்றரை நிமிடத்துக்கும் குறைவான அந்தப் பாடல் பில்போர்டின் தேசியப் பாடல் பட்டியலில் 13ஆம் இடத்தையும், பிரிட்டனில் 5ஆம் இடத்தையும் எட்டியது. 'ஈஸ்டர்' ஆல்பம் 20ஆம் இடத்துக்கு ஏறியது. பாடலைக் கொடுத்தவரின் சொந்தக் குரலில் அதுவரை வந்த தனிப்பாடல்களுள் எதுவும் அந்த உயரத்தை எட்டியிருக்கவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. 'பார்ன் டு ரன்' பாடலின் உச்சம் 23ஆம் இடம். ஸ்பிரிங்ஸ்டீன் தம் குரலில் முதல் பத்து இடங்களுக்குள் வர 1980 ஆயிற்று.

எதிர்ப்பும் எழாமல் இல்லை. சிபிஜிபியின் தூய்மைவாதிகள் சிலருக்கு, வானொலியில் ஒலிப்பதே குற்றம். தம் குழுவின் வட்டத்துக்குள் மட்டும் புழங்கிய ஒரு பெயர் கடைத்தெருவில் கேட்டதும், அது தங்களிடமிருந்து பறிபோனதாக அவர்கள் எண்ணினர். அந்த வருத்தம் பொய்யன்று. நாமும் நமக்குப் பிடித்த எழுத்தாளர் ஒருவர் திடீரெனப் பலருக்கும் உரியவராகும்போது உள்ளூர அதை உணர்ந்திருக்கிறோம். ஆயினும் இங்கே விற்கப்பட்டது எது என்று தேடினால் எதுவும் கிடைப்பதில்லை. விலை பேசப்பட்ட வரி ஒன்றுகூட அப்பாடலில் இல்லை. அவர் கைவிட்டது ஒன்றே ஒன்று: எல்லாம் தம் கையாலேயே ஆகவேண்டும் என்ற செருக்கு.

மேப்பிள்தோர்ப்பை மீண்டும் நினைத்துப் பார்க்கலாம். அவர் புகழை மறைக்காமல் விரும்பியவர். பட்டிக்கு ஒரு வெற்றிப் பாடல் அமையவேண்டும் என்று வெளிப்படையாக ஆசைப்பட்டவர். அதே 1978இல் ராபர்ட் மில்லர் கலைக்கூடத்தில் இருவரும் சேர்ந்து ஒரு கண்காட்சி நடத்தினர். எட்டாவது தெருவில் அவர் சொன்னதில் பொறாமையைக் காட்டிலும் பெருமையே மிகுந்திருந்தது என்று பட்டியின் எழுத்திலிருந்து நாம் அறிகிறோம். வறுமையைப் பகிர்ந்துகொண்டவர்களுக்கு மட்டுமே, மற்றவரின் புகழில் அவ்வளவு எளிதாகக் கேலி பேச இயலும்.

இதற்குப் பின் நடந்ததே இக்கதையை மற்ற வெற்றிக் கதைகளிலிருந்து பிரிக்கிறது. 1979இல் 'வேவ்' ஆல்பம் வந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில், விளையாட்டு அரங்கை நிறைத்த பெருங்கூட்டத்தின் முன் பட்டியின் குழு பாடியது. அத்துடன் அவர் மேடையை விட்டு இறங்கினார். 1980 மார்ச் 1 அன்று ஃபிரெட்டை மணந்து, டெட்ராய்டை அடுத்த புறநகரில் குடியமைந்தார். இரு குழந்தைகள் பிறந்தனர். விடியற்காலையில் எழுந்து, பிள்ளைகள் உறங்கும் நேரத்தில் எழுதினார். ஒரு பாடலில் எந்த மனிதருக்காகக் காத்திருந்தாரோ, அம்மனிதருக்காக அப்பாடல் தந்த புகழைத் துறந்தார். இம்முடிவை அன்று பெண்ணியவாதிகள் சிலரும் ரசிகர்கள் பலரும் ஏற்கத் தயங்கினர். ஆனால் புகழ் வேண்டி அவர் பாடலை எழுதவில்லை என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

1988இல் கணவருடன் இணைந்து 'டிரீம் ஆஃப் லைஃப்' என்ற ஓர் ஆல்பம் செய்ததைத் தவிர, அவர் பெரிதும் ஒதுங்கியே வாழ்ந்தார். பாடல் ஒதுங்கவில்லை. 1993இல் 'டென் தௌசண்ட் மேனியாக்ஸ்' குழு எம்டிவி நிகழ்ச்சியொன்றில் அதைப் பாட, அப்பதிவு 1994இல் பில்போர்ட் பட்டியலின் 11ஆம் இடத்தை எட்டியது. எழுதியவர் சமையலறையில் இருக்க, எழுதப்பட்டது தன் வழியே உலாவியது. அதே 1994இன் நவம்பர் 4 அன்று ஃபிரெட் மறைந்தார். வயது 46. மேப்பிள்தோர்ப் 1989இலேயே எய்ட்ஸ் நோயால் மறைந்திருந்தார். சிறிது காலத்திலேயே பட்டி தம் தம்பி டாடையும் இழந்தார்.

துயரத்தோடும் இரு குழந்தைகளோடும் நின்ற அவர் மீண்டும் மேடைக்குத் திரும்பினார். 1995 டிசம்பரில் பாப் டிலனுடன் கச்சேரிப் பயணம். 1996இல் 'கான் அகெய்ன்' ஆல்பம். பல ஆண்டுகள் விலகியிருந்தவரை மக்கள் மறவாதிருந்தமைக்கு அந்த ஒரு பாடலும் காரணம். 2006 அக்டோபரில் சிபிஜிபி விடுதி மூடப்பட்டபோது இறுதி இரவில் பாடியவர் அவரே. 2010இல் 'ஜஸ்ட் கிட்ஸ்' அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதைப் பெற்றது. ஒரு பாடலால் அறிமுகமானவரின் கையில், அவர் முதலில் விரும்பிய எழுத்துக்கான விருது வந்து சேர முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆயின. 2016 டிசம்பர் 10 அன்று ஸ்டாக்ஹோமில், இலக்கிய நோபல் பரிசு பெற்ற டிலன் வராத விழாவில், டிலனின் பாடலை அவர் பாடினார். நடுவே வரி தடுமாறி நின்று, பதற்றமாக இருக்கிறது என்று மன்னிப்புக் கேட்டு, மீண்டும் தொடங்கினார். அவையோர் கைதட்டினர். பாடல் இலக்கியமாகுமா என்று உலகம் விவாதித்துக்கொண்டிருந்த நாட்களில், அவ்விரு கரைகளிலும் வாழ்ந்த ஒருவர் அங்கே நின்றது பொருத்தமே.

அரிஸ்டாவின் பணமும், வானொலியின் ஆற்றலும், அயோவினின் செவியும் இல்லாமல் 'பிகாஸ் த நைட்' வெற்றி பெற்றிருக்காது. அதை மறுப்பது வரலாறாகாது. ஆனால் ஒரு வணிக வெற்றியின் நடுவே எவரும் திட்டமிடாத ஒரு மணித்துளி இருந்தது: ஒருவர் முடிக்காமல் விட்டதை, வேறொன்றுக்காகக் காத்திருந்த ஒருவர் எடுத்துக் கேட்டது. தொடக்கத்தில் கேட்ட கேள்வியை இப்போது மாற்றிக்கொள்ளலாம். பெருங்கூட்டத்தை அடைந்தபோது அவர் எதை இழந்தார் என்பதைவிட, அங்கே எதைக் கொண்டு சென்றார் என்று கேட்பதே முறை. ஒரு சிலேடையையும், ஓர் இரவின் காத்திருப்பையும் அவர் கொண்டு சென்றார்.

அண்மைக் காலக் கச்சேரிகளில் மகன் ஜாக்சன் கிதாரும், மகள் ஜெஸ்ஸி பியானோவும் வாசிக்கப் பட்டி பாடியதுண்டு. இப்பாடலைத் தொடங்குமுன் அவர் ஃபிரெட்டை நினைவுகூர்வது வழக்கம். அழைத்தவர் இன்று இல்லை. அவருடைய அழைப்புக்காக எழுதப்பட்ட பாடலை அவருடைய பிள்ளைகள் வாசிக்கிறார்கள்.